வில்லங்கம் பார்த்துவிட்டு எழுதுங்கள்: ஆர்பிஜி துணைநூல் வெளியிடுவோருக்குத் திறந்த உரிம வழிகாட்டி

காட்பாடியிலோ சத்துவாச்சாரியிலோ மனை வாங்கப் போகிறவரிடம் வீட்டுப் பெரியவர்கள் முதலில் கேட்பது, “வில்லங்கம் போட்டுப் பாத்தியா?” என்றுதான். அந்த இடம் யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது, அடமானம் உண்டா, பாகப் பிரச்சினை உண்டா என்று பார்த்த பிறகே முன்பணத்தை எடுப்பார்கள். ஆர்பிஜி என்பது நண்பர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதை நடத்தும் விளையாட்டு. அதற்கான துணைநூலை, அதாவது புதிய சாகசக் கதையையோ கூடுதல் விதிகளையோ எழுதி நாமே வெளியிடும்போதும் இதே வேலை இருக்கிறது. விதி ஒருவருடையது, படம் இன்னொருவருடையது, எழுத்துரு வேறொருவருடையது. அவற்றின் மேல்தான் நம் கதை நிற்கிறது.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸோ (சுருக்கமாக டி அண்ட் டி) ஃபேட்டோ நண்பர்களோடு ஆடிப் பழகி, ‘நம்ம ஊரை வைத்து ஒரு சாகசம் எழுதினால் என்ன’ என்று நினைக்கத் தொடங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். வேலூரில் ஞாயிறு மாலைகளில் ஒரு மாடி அறையில் நாங்கள் ஐந்து பேர் கூடி ஆடுகிறோம். கோட்டை அகழியில் அந்தக் காலத்தில் முதலைகள் விட்டிருந்தார்கள் என்று ஊரில் சொல்வார்கள் அல்லவா, அதை வைத்து 36 பக்கத்தில் ஒரு சாகசம் எழுதினோம். எழுத மூன்று மாதம் ஆயிற்று. உரிமத்தைச் சரிசெய்ய அதைவிட அதிக நாள் பிடித்தது. உங்களுக்கு அந்த நாள்கள் மிச்சமாக வேண்டும். நான் வழக்கறிஞர் இல்லை. பெரிய தொகை புரளும் நிலை வந்தால் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

படி 1: எதற்கு அனுமதி வேண்டும் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

திறந்த உரிமம் என்பது முன்கூட்டியே எழுதிக் கொடுத்த அனுமதி. ‘இன்ன நிபந்தனைக்கு உட்பட்டு யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், என்னைக் கேட்க வேண்டியதில்லை’ என்று உரிமையாளரே அறிவித்துவிடுகிறார். ஆனால் அனுமதியே தேவைப்படாத பொருளும் உண்டு. முதலில் அதைப் பிரிக்க வேண்டும்.

இருபது முகப் பகடையை உருட்டு, திறன் எண்ணைக் கூட்டு, இலக்கைத் தொட்டால் வெற்றி என்ற முறைக்குக் காப்புரிமை (காபிரைட்) கிடையாது. இந்தியக் காப்புரிமைச் சட்டம், 1957 எழுத்தையும் ஓவியத்தையும் இசையையும் நாடகத்தையும் காக்கிறது. அவற்றுக்கு அடியில் இருக்கும் கருத்தைக் காப்பதில்லை. ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1978-இல் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: கருத்து பொது, அதை வெளிப்படுத்திய விதம்தான் ஒருவருடைய சொத்து. அமெரிக்கச் சட்டமும் ஆட்டத்தின் முறையையும் அதை விளக்கும் எழுத்தையும் இப்படித்தான் பிரிக்கிறது.

எங்கள் அகழி முதலையையே பாருங்கள். டி அண்ட் டியின் இலவச விதித் தொகுப்பான எஸ்ஆர்டி 5.1-இல் முதலைக்குக் கவச எண் 12, உயிர்ப்புள்ளி 19, சவால் அளவு அரை. 15 நிமிடம் மூச்சை அடக்கும். இந்த எண்களைத் தனித்தனியாக யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. ஆனால் அந்த விவரக் கட்டத்தை முழுசாக, அதே வரிசையில், அதே விளக்க வாக்கியங்களோடு எடுத்தால் அது நகல். ‘நான் தமிழில்தானே போடுகிறேன்’ என்ற வாதம் இங்கே உதவாது. மொழிபெயர்க்கும் உரிமையும் மூல ஆசிரியருக்கே உரியது என்று நம் சட்டத்தில் வெளிப்படையாக இருக்கிறது. தமிழில் எழுதும் புதியவர்கள் அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்தான் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

முறை எங்கே முடிகிறது, எழுத்து எங்கே தொடங்குகிறது என்ற கோடு எப்போதும் மங்கலாகவே இருக்கும். அந்தக் கோட்டைப் பற்றிய சண்டையே வராமல் இருக்கத்தான் உரிமம்.

ஊர்ச் சரக்குக்கும் இதே பிரிப்பு உண்டு. 1806 ஜூலை 10 அன்று கோட்டைக்குள் சிப்பாய்கள் எழுந்ததும், கண்டியின் கடைசி மன்னர் இங்கே சிறை வைக்கப்பட்டதும் வரலாற்றுச் செய்திகள், யாரும் எடுத்தாளலாம். அதைப் பற்றி ஓர் ஆய்வாளர் எழுதிய பத்தியை எடுக்கக் கூடாது. எழுத்தாளர் காலமான பிறகும் 60 ஆண்டுகள் அவர் எழுத்துக்குக் காப்பு உண்டு. தமிழ்நாட்டில் நமக்கு இன்னொரு வழியும் இருக்கிறது: அரசு நாட்டுடைமை ஆக்கிய நூல்கள். கல்கியின் நாவல்கள் அப்படி ஆனவை, அவற்றின் பாத்திரங்களை உங்கள் சாகசத்தில் நடமாட விடலாம். ஆனால் அவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்பும் திரை வடிவமும் தனிச் சொத்து. வந்தியத்தேவன் என்ற பாத்திரத்தை எடுக்கலாம். திரையில் வந்த முகத்தையும் உடையையும் அட்டையில் வரையக் கூடாது.

தெருக்கூத்து பற்றியும் ஒரு சொல். கூத்தை நடத்திச் செல்லும் கட்டியங்காரனை வைத்துக் கதை நகர்த்தலாம் என்ற எண்ணம் வடாற்காட்டில் பிறந்து ஆர்பிஜி ஆடும் யாருக்கும் வரும்; ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் செய்வதும் ஏறக்குறைய அதே வேலைதான். கூத்தின் வடிவமும் பாரதக் கதையும் ஊர்ப் பொது. ஆனால் ஒரு வாத்தியார் தானே கட்டிய பாட்டு அவருடையது, களரியில் ஆடியதைப் பதிவு செய்தால் ஆடியவர்களுக்கும் உரிமை உண்டு. நேரில் போய்க் கேளுங்கள், கொடுக்க முடிந்ததைக் கொடுங்கள், நூலில் ஜமாவின் (கூத்துக் குழுவின்) பெயரைப் போடுங்கள். சட்டம் கேட்காவிட்டாலும் இதைச் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

படி 2: மூல விதிநூலின் உரிமத்தை வரி வரியாகப் படியுங்கள்

எந்த விளையாட்டுக்கு எழுதுகிறீர்களோ, அதன் உரிமப் பக்கத்தைத் திறந்து முழுதாகப் படியுங்கள். ‘ஓப்பன் லைசென்ஸ்தான், எடுத்துக்கலாம்’ என்று நண்பர் சொன்னது போதாது. இன்று பெரும்பாலும் எதிர்ப்படுவது மூன்று வகை.

முதலாவது கிரியேட்டிவ் காமன்ஸ், சுருக்கமாக சிசி. இதில் நான்கு நிபந்தனைகள் பலவாறு சேரும். ‘பை’ என்றால் மூலவர் பெயரைச் சொல். ‘எஸ்ஏ’ என்றால், இதை மாற்றி நீ உருவாக்கியதையும் இதே உரிமத்தில் விடு. ‘என்சி’ என்றால் வணிகத்துக்குக் கூடாது. ‘என்டி’ என்றால் மாற்றி வெளியிடாதே. மொழிபெயர்ப்பும் மாற்றம்தான் என்பதால், என்டி இருக்கும் எதையும் தமிழாக்கி வெளியிட முடியாது. என்சி இருப்பதை உங்கள் நூலில் கலந்தால் அந்த நூலை விற்க முடியாது, விலை பத்து ரூபாய் ஆனாலும்.

எஸ்ஆர்டி 5.1 இன்று சிசி பை 4.0-இல் இருக்கிறது, 2025-இல் வந்த எஸ்ஆர்டி 5.2-உம் அப்படியே. ஃபேட் கோர் விதிகளும், பிளேட்ஸ் இன் த டார்க் விளையாட்டின் எஸ்ஆர்டியும் சிசி பை 3.0. கெய்ர்ன் என்ற சிறிய, அழகான விளையாட்டு சிசி பை-எஸ்ஏ 4.0. புதியவர்களுக்கு நான் முதலில் காட்டுவது சிசி பை உள்ளவற்றைத்தான். தமிழாக்கலாம், மாற்றலாம், விற்கலாம். பெயரைச் சொன்னால் போதும்.

இரண்டாவது ஓஜிஎல் 1.0ஏ, அதாவது ஓப்பன் கேம் லைசென்ஸ். விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் டி அண்ட் டி மூன்றாம் பதிப்போடு கொண்டுவந்த உரிம வகை இது. இருபது ஆண்டுகளுக்கு மேல் எண்ணற்ற சிறு வெளியீட்டாளர்கள் இதன் மேல் வாழ்ந்தார்கள். 2023 ஜனவரித் தொடக்கத்தில், பழைய உரிமத்தை விலக்கிவிட்டுப் புதிதாக ஒன்றைக் கொண்டுவரும் வரைவு வெளியே கசிந்தது. ஆண்டுக்கு 7,50,000 டாலருக்கு மேல் வருவாய் வந்தால், மேலே போன தொகையில் பங்கு கொடு என்றது அது. உலகம் முழுக்க எதிர்ப்பு கிளம்பியது. கடைசியில் ஜனவரி 27 அன்று நிறுவனம் பின்வாங்கி, பழைய ஓஜிஎல்லைத் தொடாமல் விட்டதோடு எஸ்ஆர்டி 5.1-ஐ சிசி பை 4.0-இலும் வெளியிட்டது.

அந்தச் சண்டையில் ஒரு சொல் முக்கியமாக இருந்தது என்பதைக் கவனியுங்கள். ஓஜிஎல் 1.0ஏ-இல் ‘நிரந்தரமான’ என்ற சொல் இருக்கிறது; ‘திரும்பப் பெற முடியாத’ என்ற சொல் இல்லை. கிரியேட்டிவ் காமன்ஸ் 4.0-இல் அந்தச் சொல் வெளிப்படையாக இருக்கிறது. ஆகவே எந்த உரிமத்தைப் படித்தாலும் முதலில் இதைத் தேடுங்கள்: கொடுத்தவர் நாளைக்கு மனம் மாறினால் பறிக்க முடியுமா?

மூன்றாவது ஆர்க் உரிமம். ஓஜிஎல் குழப்பத்துக்குப் பிறகு பைசோ நிறுவனம் முன்னின்று கொண்டுவந்தது. இறுதி வடிவம் 2023 ஜூனில் வந்தது. அந்த நிறுவனத்தின் பாத்ஃபைண்டர் விளையாட்டின் புதிய நூல்கள் இதில்தான் வருகின்றன. விதி சார்ந்தது தானாகவே திறந்த பொருளாகும். கதை, பெயர்கள், உலகம் தானாகவே ஆசிரியரிடம் நிற்கும். நீங்கள் சேர்க்கும் புது விதிகளும் அதே உரிமத்தில் மற்றவர்களுக்குப் போய்ச்சேரும். கதையைக் கையில் வைத்துக்கொண்டு விதியைப் பகிர விரும்புகிறவர்களுக்கு இது பொருந்தும்.

இங்கே எங்களுக்கு நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். எஸ்ஆர்டி திறந்தது என்றால் டி அண்ட் டியின் எல்லா நூல்களும் திறந்தவை என்று நாங்கள் நினைத்துவிட்டோம். மைண்ட் ஃபிளேயர் என்ற உயிரினத்தைக் கோட்டையின் நிலவறையில் வைத்தோம். வெளியிடுவதற்கு முந்தைய இரவு எங்களில் ஒருவர் எஸ்ஆர்டி பிடிஎஃப்பைத் திறந்து ஒவ்வொரு உயிரினமாகத் தேடினார். மைண்ட் ஃபிளேயருக்கான கட்டம் அதில் இல்லை, பிஹோல்டருக்கும் இல்லை. அவை விசார்ட்ஸ் நிறுவனம் தனக்கென்று வைத்துக்கொண்டவை. விடிய விடிய நான்கு பக்கங்களை மாற்றினோம். அதற்குப் பதிலாக அகழியைக் காக்கும் முனி ஒன்றை நாங்களே எழுதினோம். இன்றும் அந்த நூலில் பலருக்கும் பிடித்த பாத்திரம் அந்த முனிதான். எஸ்ஆர்டியில் இருப்பதை மட்டும் எடுங்கள்; இல்லாததை நீங்களே படையுங்கள்.

படி 3: வரவு நோட்டு போடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். எழுதத் தொடங்கும் நாளிலேயே நாற்பது பக்க நோட்டு ஒன்றோ ஒரு கூகுள் ஷீட்டோ திறந்துவிடுங்கள். வெளியிலிருந்து எது உள்ளே வந்தாலும் அன்றே ஒரு வரி: என்ன பொருள், யாருடையது, எங்கிருந்து எடுத்தது, எந்த உரிமம், என்ன மாற்றினோம், எந்தப் பக்கத்தில் இருக்கிறது.

எங்கள் நோட்டின் ஒரு வரி இப்படி: “முதலை, விவரக் கட்டம். விசார்ட்ஸ், எஸ்ஆர்டி 5.1. சிசி பை 4.0. தமிழாக்கம் செய்தது, மூச்சடக்கும் நேரம் 15 நிமிடத்திலிருந்து 30 ஆக்கியது. பக்கம் 19.” அடுத்த வரி: “கோட்டை மதில் படம். விக்கிமீடியா காமன்ஸ். சிசி பை-எஸ்ஏ 4.0. இன்னும் பயன்படுத்தவில்லை, யோசிக்க வேண்டும்.”

அந்த ‘யோசிக்க வேண்டும்’தான் எங்களைக் காப்பாற்றியது. எஸ்ஏ உள்ள படத்தை வெட்டாமல் மாற்றாமல் தனிப் படமாகப் போட்டால், அந்தப் படம் மட்டும் அதன் உரிமத்தில் இருக்கும். அதன் மேல் வரைந்து வரைபடமாக்கினால் அந்த வரைபடம் முழுவதும் எஸ்ஏ ஆகிவிடும். தமிழ் விக்கிப்பீடியா எழுத்துக்கும் இதே கதைதான், அதுவும் பை-எஸ்ஏ. ஜலகண்டேசுவரர் கோவில் பற்றிய இரண்டு பத்தியை அங்கிருந்து அறிமுகப் பகுதியில் ஒட்டிவிட்டு, கடைசிப் பக்கத்தில் ‘அனைத்து உரிமைகளும் ஆசிரியருக்கே’ என்று போட முடியாது. செய்தியைத் தெரிந்துகொண்டு உங்கள் நடையில் எழுதிவிட்டால் இந்தக் கவலையே இல்லை.

கலவையில் நினைவில் வைக்க வேண்டியது: சிசி பை எடுத்து எஸ்ஏ நூல் செய்யலாம். எஸ்ஏ எடுத்து, சிசி பை நூலோ உரிமை மூடிய நூலோ செய்ய முடியாது.

படி 4: பெயர் சொல்லும் வரியை எழுதுங்கள்

நோட்டு சரியாக இருந்தால் இது அரை மணி நேர வேலை. சிசி உரிமம் உள்ள ஒவ்வொன்றுக்கும் தலைப்பு, ஆக்கியவர், எடுத்த இடம், உரிமத்தின் பெயரும் இணைப்பும், மாற்றம் செய்தீர்களா என்பது. எஸ்ஆர்டி 5.1-க்கு விசார்ட்ஸ் நிறுவனமே ஒரு வாசகம் எழுதி வைத்திருக்கிறது. அதை ஆங்கிலத்தில் உள்ளபடியே போடுங்கள், அதன் கீழே தமிழில் விளக்குங்கள். எங்கள் நூலில் இப்படி வந்தது:

“இந்நூலில் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் எல்எல்சி வெளியிட்ட சிஸ்டம் ரெஃபரன்ஸ் டாக்குமென்ட் 5.1-இலிருந்து எடுத்த பகுதிகள் உள்ளன. அந்த ஆவணம் கிரியேட்டிவ் காமன்ஸ் அட்ரிபியூஷன் 4.0 சர்வதேச உரிமத்தின் கீழ் வெளியானது. தமிழாக்கமும் மாற்றங்களும் எங்களுடையவை.”

அந்த வாசகத்தைத் தவிர நிறுவனத்தைப் பற்றி வேறு குறிப்பு போட வேண்டாம் என்று அவர்களே கேட்டுக்கொள்கிறார்கள். அட்டையில் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற பெயரும் சின்னமும் கூடாது. அது வணிகமுத்திரை, சிசி உரிமம் அதைத் தருவதில்லை. ‘5இ (ஐந்தாம் பதிப்பு) விதிகளோடு பொருந்தும்’ என்று போடலாம்.

ஓஜிஎல் நூலிலிருந்து எடுத்தால் வேலை கூடுதல். உரிமத்தின் முழு வாசகமும் உங்கள் நூலில் இருக்க வேண்டும், 15-ஆம் பிரிவில் மூலநூல்களின் காப்புரிமை வரிகள் எல்லாம் வர வேண்டும், எது திறந்தது என்று நீங்கள் அடையாளம் காட்ட வேண்டும்.

படி 5: படமும் எழுத்துருவும்

அட்டைப்படம் வரைந்தவர் எங்களுக்கு நெருங்கிய அண்ணன். பணம் கொடுத்தோம், வாங்கிக்கொண்டார். எழுத்தில் எதுவும் இல்லை. நூல் வந்த உற்சாகத்தில் முழு நூலையும் சிசி பை-எஸ்ஏ என்று அறிவித்துவிட்டோம். சில நாள் கழித்து மாடிக்கு வந்தார். “ஏம்ப்பா, என் படத்தை யார் வேணும்னாலும் எடுத்து டீ-ஷர்ட்டுல போட்டு விக்கலாம்னு எழுதியிருக்கியே, என்னை ஒரு வார்த்தை கேட்டியா?” என்றார். எங்களிடம் பதில் இல்லை. அவரைக் கேட்காமல் அவர் படத்தை அந்த உரிமத்தில் விட்டது எங்கள் தவறு. அன்று இரவே கோப்பை இறக்கி, ‘எழுத்து மட்டும் சிசி, படங்கள் ஓவியருக்கே உரியவை’ என்று திருத்தி ஏற்றினோம். இடையில் எத்தனை பேர் பழைய கோப்பை இறக்கியிருந்தார்கள் என்பது கையை மீறிய விஷயம். அவர் மன்னித்தார். எனக்கு அது இன்னும் உறுத்துகிறது.

ஆகவே ஒரு பக்க ஒப்பந்தமாவது எழுதுங்கள். நம் சட்டப்படி காப்புரிமையை எழுதிக் கொடுத்தல் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றே கொள்ளப்படும். பிடிஎஃப்போ உலகம் முழுக்கப் போகிறது. எத்தனை ஆண்டு, எந்த நாடுகள், அச்சா மின்னூலா இரண்டுமா, ஓவியர் அந்தப் படத்தைத் தனியே விற்கலாமா என்பதைத் தமிழில், இருவருக்கும் புரியும்படி எழுதிக்கொள்ளுங்கள்.

எழுத்துருவில் அவ்வளவு சிக்கல் இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ், காடமரன், முக்தா மலர் போன்றவை ஓப்பன் ஃபாண்ட் லைசென்ஸில் வருபவை. பிடிஎஃப்பில் பொதித்து விற்கலாம், உங்கள் நூலின் உரிமத்தை அவை பாதிக்காது. கணினியோடு வந்த எழுத்துரு என்றால் அதன் உரிமத்தைப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

படி 6: உங்கள் நூலுக்கு எந்த உரிமம்?

மூலம் சிசி பை என்பதற்காக உங்கள் நூலும் திறந்ததாக இருக்க வேண்டியதில்லை. முனியும் கதையும் உங்களுடையவை. எல்லா உரிமையும் உங்களிடமே என்று வைத்துக்கொள்ளலாம். ஆனாலும் தமிழில் இந்த விளையாட்டுக்கு நூல்கள் மிகக் குறைவு. விதிச் சொற்களின் தமிழாக்கத்தையாவது திறந்துவிடுங்கள் என்று மனதாரக் கேட்கிறேன். உயிர்ப்புள்ளி, கவச எண் என்று நீங்கள் ஒரு முறை பாடுபட்டு உருவாக்கிய சொல்லை இன்னொருவர் மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ எடுத்து மேலே கட்ட முடியும்.

நாங்கள் இப்போது இப்படிப் பிரிக்கிறோம்: விதி எழுத்தும் சொல்லகராதியும் சிசி பை 4.0, கதை, பாத்திரங்கள் எங்களுக்கே, படங்கள் ஓவியருக்கே. எந்தப் பக்கம் எதில் என்று கடைசிப் பக்கத்தில் எழுதிவிடுகிறோம். நன்றாக யோசித்துப் போடுங்கள், சிசி உரிமத்தை ஒரு முறை கொடுத்தால் திரும்ப வாங்க முடியாது.

படி 7: விற்கும் இடத்தின் நிபந்தனை

இட்ச்.ஐஓ, டிரைவ்த்ரூஆர்பிஜி போன்ற தளங்களில் உங்கள் உரிமத்தோடு வைக்கலாம். டி அண்ட் டிக்கென்றே உள்ள டிஎம்ஸ் கில்ட் தளம் வேறு வகை. அங்கே விசார்ட்ஸ் நிறுவனத்தின் சொந்த உலகங்களையே பயன்படுத்தலாம், விலையில் 50 விழுக்காடு உங்களுக்கு. ஆனால் அந்த நூலை வேறெங்கும் வெளியிட முடியாது. திறந்த உரிமத்தில் எழுதியதை அங்கே கொண்டுபோகுமுன் அந்த ஒப்பந்தத்தை நிதானமாகப் படியுங்கள்.

வெளியிட்ட பிறகு பிழை தெரிந்தால் பதற வேண்டாம், ஆனால் தள்ளிப்போடவும் வேண்டாம். நிபந்தனையை மீறினால் உரிமம் அற்றுப்போகும், சிசி 4.0-இல், பிழை தெரிந்த 30 நாளுக்குள் சரிசெய்தால் அது தானாகவே மீளும். 3.0-இல் இந்த ஏற்பாடு இல்லை. ஃபேட்டுக்கோ பிளேட்ஸுக்கோ எழுதுகிறவர்கள் பெயர் வரியை இரண்டு முறை சரிபாருங்கள்.

வெளியிடும் நாளில் கடைசியாக ஒரு வேலை. நீங்கள் பயன்படுத்திய எஸ்ஆர்டி பிடிஎஃப், அதன் உரிமப் பக்கம், ஒவ்வொரு படத்தின் பக்கம், ஓவியரின் கையெழுத்துத் தாள், வரவு நோட்டு எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆக்கி, தேதி போட்ட ஒரே ஃபோல்டரில் வையுங்கள். ஒரு பிரதி பென்டிரைவில், ஒரு பிரதி குழுவில் இன்னொருவர் வீட்டில்.